இரு பட்டியலிலும் விடுபட்டுப் போகும் பிள்ளைகள்

1896ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் பத்திரிகையில், இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள சீஃபோர்டு என்ற ஊரில் வைத்தியம் பார்த்துவந்த பிரிங்கிள் மார்கன் என்பவர், பெர்ஸி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். விளையாட்டிலே சுறுசுறுப்பும் பேச்சிலே விவேகமும் உடைய பையன். கண்பார்வையில் யாதொரு பழுதும் இல்லை. ஏழு வயது முதல் பள்ளிக்கூடத்திலும் தனி உபாத்தியாயர்களிடமும் இடைவிடாது பயின்றும், ஓரசைச் சொற்களைத் தாண்டி அவனால் வாசிக்க முடியவில்லை. 7 என்ற இலக்கத்தைக் காட்டினால் உடனே சொல்லிவிடுவான். அதையே எழுத்தால் எழுதிக் காட்டினால் திகைத்து நிற்பான். தன் பெயரை எழுதச் சொன்னபோது எழுத்தை இடம் மாற்றிப் ‘பிரெஸி’ என்று எழுதிவிட்டு, ஒருமுறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகே பிழையைக் கண்டுகொண்டான். அந்தப் பையன் 749ஐ 867ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். பாடங்கள் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் மிகக் கெட்டிக்காரனாக விளங்குவான் என்பது, அவனுக்குச் சில ஆண்டு பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் அபிப்பிராயம்.

வாசிப்புக் குறைபாடு, அதாவது இன்று டிஸ்லெக்சியா என்று நாம் வழங்குவது, பிறவியிலேயே அமையக்கூடும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆரம்பகாலச் சான்றாக இக்கட்டுரையை அறிஞர்கள் போற்றுகிறார்கள். அந்தப் புகழ் தகுதியானதே. ஆயினும், அதே கட்டுரையில் அடங்கியிருக்கும் ஆசிரியரின் அந்த ஒரு வாக்கு, குறையைப் பற்றிய செய்தி பெற்ற கவனத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பெறவில்லை. குறையுள்ள பையன் ஒருவனை மருத்துவர் கண்டுபிடித்தார். பள்ளியிலேயே தலைசிறந்தவனாக வந்திருக்கக்கூடிய ஒருவனை ஆசிரியர் கண்டுபிடித்திருந்தார். இருவரும் கண்டது ஒரே பையனைத்தான். அசாதாரணமான அறிவாற்றலும் கற்றலுக்கு இடையூறாக நிற்கும் ஒரு குறைபாடும் ஒருங்கே அமைந்த இத்தகைய பிள்ளைகளை அமெரிக்கர்கள் இருவகையிலும் விசேஷமானவர்கள் என்று குறிக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் இவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கென்று ஒரு பெயர்கூட நம்மிடம் இன்னும் நிலைபெறவில்லை.

நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அன்றாடம் கையாளும் பட்டியல்கள் இரண்டு உண்டு. ஒன்று மெல்லக் கற்போர் பட்டியல். மற்றொன்று மீத்திறன் மாணவர் பட்டியல். முதற்பட்டியலில் இருப்பவர்களுக்கு மாலை வேளையில் தனிவகுப்பும், குறைந்தபட்சப் பாடக் கையேடும் கிடைக்கின்றன. இரண்டாம் பட்டியலில் இருப்பவர்களுக்குத் திறனாய்வுத் தேர்வுக்கான பயிற்சியும், அறிவியல் கண்காட்சியில் முதலிடமும் கிடைக்கின்றன. ஒரே பிள்ளையின் பெயர் இரண்டிலும் வரலாம் என்ற எண்ணம் பட்டியல் போடுகிறவருக்கு எழுவதில்லை. எழாததற்கு அவரைக் குறைகூறவும் இயலாது, ஏனென்றால் இரண்டு பட்டியலுமே மதிப்பெண்ணை வைத்துப் போடப்படுகின்றன. குறை முந்திக்கொண்டு தெரிந்தால் பிள்ளை முதற்பட்டியலில் விழுகிறது; அதன் ஆற்றலை அதற்குப்பின் யாரும் தேடுவதில்லை. ஆற்றல் முந்திக்கொண்டால் இரண்டாம் பட்டியலில் ஏறுகிறது. ‘மூளை இருக்கிறது, எழுதத்தான் சோம்பல்’ என்ற குற்றச்சாட்டு அன்று முதல் அதன் நிழலாகத் தொடர்கிறது. மூன்றாவது வகைதான் மிகப் பெரிது என்று நான் எண்ணுகிறேன். ஆற்றல் குறையை மூடிக்கொள்ள, குறை ஆற்றலை அமுக்கிவிட, இரண்டும் சேர்ந்து ஐம்பது, ஐம்பத்தைந்து என்று யாருடைய கண்ணையும் உறுத்தாத மதிப்பெண்ணோடு கடைசி பெஞ்சுக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள்.

அந்த ஐம்பத்தைந்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எத்தகையது என்பதைச் சற்றே நெருங்கிப் பார்க்கவேண்டும். வாசிக்கத் தடுமாறும் கூர்மதியுள்ள குழந்தை, ஒரு சொல்லின் முதலெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், கதையின் போக்கைக்கொண்டு மீதியை ஊகித்துக்கொள்கிறது. ‘தோட்டம்’ என்று அச்சிட்டிருப்பதைத் ‘தோப்பு’ என்று வாசிக்கும். அர்த்தம் கெடுவதில்லை, ஆகையால் ஆசிரியரின் காதுக்கு அது பிழையாகவே படுவதில்லை. முந்தின நாள் மற்றொரு பிள்ளை உரக்க வாசித்ததைக் கேட்டு மனப்பாடமாக வைத்துக்கொண்டு, மறுநாள் புத்தகத்தைப் பார்த்தபடியே வரிபிசகாமல் ஒப்பித்துவிடும். இந்த உபாயங்களையெல்லாம் யாரும் கற்பிக்கவில்லை. தன் புத்தியைக்கொண்டு தானே கண்டுபிடித்தவை. நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு வரையில் அவை கைகொடுக்கும். பாடங்கள் நீண்டு, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் முன்பின் கேட்டறியாத சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரத்தொடங்கும் ஆறாம், ஏழாம் வகுப்புகளில் அவை திடீரென்று பயனற்றுப் போகின்றன. ‘நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, என்னவோ தெரியவில்லை, இந்த வருஷம் கெட்டுப்போய்விட்டது’ என்று வீட்டார் வருந்துவது பெரும்பாலும் அப்போதுதான்.

தமிழ் எழுத்தின் அமைப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஆங்கிலத்தைப்போல ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறித் திண்டாட வைக்கும் நிலைமை நம் மொழியில் மிகக் குறைவு. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு ஒழுங்காக அமைந்த மொழிகளில், வாசிப்புக் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிடத் தாமதமாகவே அதிகம் வெளிப்படுகிறது. குழந்தை தப்பாக வாசிப்பதில்லை, மெதுவாக, மிக மெதுவாக வாசிக்கிறது. மெதுவாக வாசிப்பதை யாரும் நோயென்றோ குறையென்றோ எண்ணுவதில்லை. நம் எழுத்துக்கே உரிய தொல்லைகளும் உள. ‘கெ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ‘கொ’ என்னும்போது கொம்பு ஒருபுறமும் துணைக்கால் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்க, இரண்டையும் சேர்த்து ஒரே உயிரொலியாகக் கொள்ளவேண்டும். கண் செல்லும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் இவ்வாறு மாறுபடுவதை மற்றக் குழந்தைகள் ஒரு பருவத்தில் தாண்டிவிடுகிறார்கள். எழுத்தின் வரிசையைப் பற்றிக்கொள்வதிலேயே இடர்ப்படும் குழந்தைக்கு ஒவ்வொரு வரியிலும் அது புதுப்பிரச்சினை. ழகர, லகர, ளகரங்களைப் பற்றியும், ணகர, னகரங்களைப் பற்றியும் சொல்லவேண்டியதே இல்லை. வாயால் சொன்னால் நீராவி இயந்திரத்தின் தத்துவத்தைக் கேட்பவர் வியக்கும்படி விளக்கிக் காட்டும் பிள்ளை, அதையே தாளில் எழுதும்போது மூன்றே வரியில் முடித்துக்கொள்கிறது என்றால், தனக்கு நிச்சயமாக எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டுமே வைத்து அந்த மூன்று வரியை அமைத்திருக்கிறது என்று அறியவேண்டும்.

வாசிப்புக் குறைபாட்டை நான் விரித்துச் சொன்னது அது பரவலாகக் காணப்படுவதால்தான். கையெழுத்தில் விரல்கள் ஒத்துழைக்காத பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், ஏ.டி.எச்.டி. என்னும் கவனச்சிதறலால் ஓரிடத்தில் அமர முடியாத பிள்ளைகள், பார்வையோ செவியோ குறைந்த பிள்ளைகள் ஆகிய எல்லாரிடத்திலும் மேதைமை தோன்றுவதுண்டு. தோன்றும்போது அதன் கோலம் நாம் எதிர்பார்க்கும் விதமாக இருப்பதில்லை. கவனச்சிதறல் உள்ள பையன் தனக்குப் பிடித்த சதுரங்கத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பான். அதைப் பார்த்த தந்தை, ‘இஷ்டமிருந்தால் உட்காரத் தெரிகிறதே, பாடத்துக்கு மட்டும் ஏன் முடியவில்லை?’ என்று கோபிப்பார். ஆசை மூட்டும் பொருளில் மூழ்கிப்போவதும், மற்றவற்றில் மனத்தை நிறுத்த முடியாமல் தவிப்பதும் அக்குறைபாட்டின் இரு முகங்களே என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பெண்குழந்தைகளின் நிலை இன்னும் பரிதாபம்; சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுமியால் வகுப்புக்கு இடைஞ்சல் எதுவும் இல்லாததால், அவளுடைய குறையும் புலப்படுவதில்லை, நிறைவும் புலப்படுவதில்லை.

இவர்களை மதிப்பிடுவதற்கு உளவியலார் கையாளும் அறிவாற்றல் சோதனைகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டேவிட் வெக்ஸ்லர் 1949இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட சோதனையும் அதன் வழிவந்தவையும் ஒரே கேள்வித்தாள் அல்ல. சொல்லறிவு, தர்க்கம், நினைவு, வேகம் என்று பல பகுதிகளைத் தனித்தனியே அளந்து, முடிவில் ஒரே எண்ணாகத் தருகின்றன. நூறு என்பது சராசரி. உதாரணத்துக்கு, ஒரு பையன் தர்க்கத்தில் 135ம், எழுதும் வேகத்தைச் சார்ந்த பகுதியில் 85ம் பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்னது நூற்றில் ஒருவருக்கே வாய்க்கும் நிலை; பின்னதிலோ நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சராசரி கண்டால் 110ஐ ஒட்டி ஓர் எண் வந்துவிடும். சாதாரணப் பிள்ளை, கவலைப்பட ஏதுமில்லை என்று அறிக்கையைப் படிப்பவர் முடிவுகட்டிவிடுவார். இத்தகைய பிள்ளையைப் பொறுத்தவரை அந்த ஒற்றை எண்ணைப்போல ஏமாற்றுவது வேறில்லை. பகுதிகளுக்கிடையே உள்ள பள்ளத்தாக்கைத்தான் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் பணிபுரிந்த லீட்டா ஹாலிங்வொர்த் என்னும் அம்மையார், விசேஷத் திறமைகளையும் குறைபாடுகளையும் ஒரே நூலில் வைத்து 1923ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இரு துறைகளும் பிரிந்தே சென்றன. 1975இல் அந்நாட்டில் குறைபாடுள்ள குழந்தைகள் அனைவருக்கும் கல்வி வழங்கும் சட்டம் வந்த பிறகுதான், சிறப்புக் கல்வி வகுப்புகளுக்குள் கூர்மதியுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைப் பலர் கண்ணால் கண்டார்கள். உயர்ந்த அறிவாற்றல் இருக்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லிச் சிறப்புக் கல்வியை ஒரு பிள்ளைக்கு மறுக்கக்கூடாது என்று அந்நாட்டு மத்திய கல்வித்துறை 2013இல் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டியிருந்தது என்பதிலிருந்து, இந்தத் தவறான எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று தெரிந்துகொள்ளலாம்.

திறமையும் குறையும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு எதை முதலில் கவனிப்பது? இக்கேள்விக்கு விடையாக டெம்பிள் கிராண்டின் என்பவருடைய பள்ளிப் பருவத்தை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1947இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த இவர் மூன்று வயது கடந்தும் பேசவில்லை, ஆட்டிசம் உள்ளவர். வளர்ந்த பிறகும் எந்நேரமும் ஒரு பெரும் பயம் உடம்பையே ஆட்டிவைத்தது. அரிசோனாவில் அத்தையின் பண்ணைக்கு ஒரு கோடையில் சென்றிருந்தபோது, தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகைகளால் இறுக்கி நிறுத்தும் கூண்டைக் கண்டார். மிரண்டு திமிறிய மாடு பலகைகள் நெருங்கியதும் அமைதியடைவதைக் கவனித்தார். தாமே அக்கூண்டுக்குள் நின்று பலகைகளை இறுக்கச் சொன்னார், பயம் தணிந்தது. பள்ளிக்குத் திரும்பியதும் பழைய மரச்சட்டங்களைக்கொண்டு தமக்கென்று அதேபோல ஒன்றைச் செய்துகொண்டார். பள்ளியில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றியது. அந்தப் பொறியை அவரிடமிருந்து அகற்றிவிட வேண்டும் என்றே அவர்கள் கருதினார்கள்.

அறிவியல் ஆசிரியராக இருந்த கார்லாக் என்பவர் வேறுவிதமாக நினைத்தார். அந்தப் பொறி ஏன் அமைதி தருகிறது என்பதை நீயே கண்டுபிடிக்கலாமே என்றார். அதற்கு நூலகத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கவேண்டும், படிப்பதற்குப் பாடங்களைக் கற்கவேண்டும், கற்பதற்குப் பரீட்சைகளைத் தாண்டவேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, படிப்பில் நாட்டமின்றி இருந்த பெண்ணைப் படிப்புக்குள் கொண்டுவந்தார். மற்றவர்கள் விபரீதம் என்று கருதியதையே அவர் வாசலாக ஆக்கிக்கொடுத்தார். கிராண்டின் பின்னாளில் கால்நடை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மாடுகள் மிரளாமல் நடந்துசெல்லும்படி அவர் வகுத்த வளைவான பாதைகள் வட அமெரிக்காவெங்கும் பரவின. பேச்சுப் பயிற்சியும் பழக்கவழக்கப் பயிற்சியும் அவருக்கு இளமையிலேயே கிடைத்தன, அவை அவசியமாகவும் இருந்தன. அவரைப் படிப்பில் நிலைநிறுத்தியது, அவருக்கு ஆர்வமிருந்த பொருளைப் பிடுங்காமல் விட்ட ஆசிரியர்.

நம்மிடம் நடப்பது நேர்மாறாக இருப்பதை மனவருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. தமிழில் எழுத்துப்பிழை அதிகமாக இருக்கும் பையனுக்கு, ஓவிய வகுப்பு நேரத்திலும் விளையாட்டு நேரத்திலும் காப்பி நோட்டு எழுதும் தண்டனை விதிக்கப்படுகிறது. கணக்கில் அடுத்த வகுப்பு நூலைத் தானாகவே போட்டு முடித்த பெண்ணிடம், ‘முதலில் கையெழுத்தைத் திருத்து, பிறகு கணக்குப் போட்டிக்குப் போகலாம்’ என்று சொல்லப்படுகிறது. தன்னால் முடியாத ஒன்றை நாள் முழுவதும் செய்யும்படி விதித்து, தன்னால் மிக நன்றாக முடிந்த ஒன்றை அதற்குப் பரிசாக ஒத்திப்போடுவது, அந்தக் குழந்தை தன்மீது கொண்டிருக்கும் நம்பிக்கையின் கடைசி இழையையும் அறுத்துவிடும். திறமைக்குரிய பாடம் பரிசல்ல. மற்றப் பிள்ளைகளுக்கு மதிய உணவு எப்படியோ அப்படி அது அந்தப் பிள்ளைக்கு அன்றாட ஆகாரம். அதை எந்தக் காரணத்தைக் கொண்டும் நிறுத்தக்கூடாது என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே விஷயம். அமெரிக்காவில் இத்தகைய மாணவர்களோடு நெடுங்காலம் உழைத்த சூசன் பாம் போன்ற கல்வியாளர்களும், திறமையை வளர்ப்பதில் தொடங்கி, அதன் வழியாகவே குறையைச் சமாளிக்கும் ஆற்றலை உண்டாக்கவேண்டும் என்றே வாதிடுகிறார்கள்.

இப்படிச் சொல்வதால் குறையை அப்படியே விட்டுவிடலாம் என்று யாரும் பொருள்கொள்ளக்கூடாது. வாசிப்பைக் கற்பிப்பதற்கு முறையான வழி இருக்கிறது. 1920களிலும் 1930களிலும் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் வகுத்த முறையில், எழுத்தைக் கண்ணால் காண்பதோடு, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, மணலிலோ காற்றிலோ விரலால் வரைந்து, எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக ஏறுகிறார்கள். சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இத்துறையில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வருகிறது. இந்தப் பயிற்சி குழந்தைக்கு வேண்டும், ஒழுங்காக, தினந்தோறும் வேண்டும். அது கணக்கு வகுப்பின் இடத்தில் வரக்கூடாது. காப்பி எழுதும் நேரத்தின் இடத்தில் வரட்டும்.

ஒரு புலன் மறுத்ததை மற்றொரு புலன் வழியே கொண்டுசேர்க்கும் இந்த உத்தி நம் நாட்டுக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் தொண்டைநாட்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவருடைய முதுகில் எழுத்துகளை விரலால் எழுதிக்காட்டிக் கற்பித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அவ்வாறு கற்றவர் உலாவும் கலம்பகமும் புராணமும் பாடி, தமிழ் இலக்கிய சரித்திரத்தில் அழியாத இடம் பெற்றார். ஏடு வாசிக்க முடியாதவனுக்கு இலக்கணம் எதற்கு என்று அவருடைய ஆசிரியர்கள் எண்ணவில்லை.

ரஷ்யாவில் 1908இல் பிறந்த லெவ் பொன்ட்ரியாகின் பதினான்காம் வயதில் அடுப்பு வெடித்துப் பார்வையை இழந்தார். அவருடைய தாயார் தத்யானா தையல்வேலை செய்து பிழைத்தவர், உயர்கணிதம் அறியாதவர். மகனுக்குக் கணிதத்தில் இருந்த நாட்டத்தைக் கண்டு, நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் பக்கம் பக்கமாக அவருக்கு வாசித்துக் காட்டினார். குறியீடுகளின் பெயர் தெரியாதபோது அவற்றின் உருவத்தை வருணித்தார். கணங்களின் வெட்டைக் குறிக்கும் அடையாளத்தை ‘வால் கீழே’ என்றும், சேர்ப்பைக் குறிக்கும் அடையாளத்தை ‘வால் மேலே’ என்றும் சொல்ல, மகன் புரிந்துகொண்டார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1925இல் சேர்ந்த அந்த இளைஞர், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளில் ஒருவரானார். இந்தத் தாயாரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், பிள்ளைக்கு உதவப் பாண்டித்தியம் தேவையில்லை என்ற தைரியம் எனக்கு உண்டாகிறது. ‘எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்’ என்று கலங்கும் நம் ஊர்த் தாய்மாரிடம் இதைச் சொல்லவேண்டும் என்றும் தோன்றுகிறது.

அக்கறையோடு சொல்லும் ஆலோசனையே முட்டுக்கட்டை ஆகிவிடுவதும் உண்டு. நியூயார்க்கில் 1918இல் பார்வையின்றிப் பிறந்த ஆபிரகாம் நெமெத்துக்குக் கணிதத்தில் அளவற்ற ஈடுபாடு. பார்வையற்றவருக்குக் கணிதத்தில் பிழைப்பு இல்லை என்று கல்லூரி ஆலோசகர்கள் அவரை உளவியலுக்குத் திருப்பிவிட்டார்கள். உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றும் அதில் அவருக்குத் தக்க உத்தியோகம் கிடைக்கவில்லை. பின்னாளில் கணிதத்துக்கே திரும்பி, டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டு கற்பித்தார். பிரெயில் முறையில் கணிதத்தை எழுதுவதற்கு அவர் வகுத்து 1952இல் வெளியான குறியீட்டு முறை, அவரைப்போன்ற ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குக் கணிதத்தின் கதவைத் திறந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் இப்பிள்ளைகளைக் குறித்து என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த எண்ணிக்கையை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் அதில் சேர்த்தது. இது பெரிய முன்னேற்றம். கவனச்சிதறல் அந்த 21இல் இடம்பெறவில்லை என்பது இன்னும் நிரப்பப்படாத குறை. தமிழ்நாட்டில் கற்றல் குறைபாட்டுக்கு உரிய சான்றிதழ் பெற்ற மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதித் தரும் உதவியாளரும், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கும் அளிக்கும் வழி இருக்கிறது. இவை எல்லாம் பிள்ளை தேர்ச்சி பெறுவதற்கான சலுகைகள். தேர்ச்சிக்கு மேலே எழுந்து பறக்கக்கூடிய பிள்ளைக்கு அவற்றில் வழியில்லை. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையில் விசேஷத் திறமையுள்ள மாணவர்களைப் பற்றிய பகுதி நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. மாற்றுத்திறன் உள்ள மாணவர்களைப் பற்றியது ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு அத்தியாயமும் ஒருசேரப் பொருந்தினால் என்ன செய்வது என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்தான் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது.

திறமையைக் கண்டுபிடிப்பதற்கென்றே நடத்தப்படும் தேர்வுகள்கூட இவர்களைச் சலித்து வெளியே தள்ளிவிடுகின்றன. எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில், மனத்திறனுக்கு 90 நிமிடத்தில் 90 வினாக்கள். வினாவுக்கு ஒரு நிமிடம். வினாவை வாசித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆகும் பிள்ளையின் மனத்திறனை இத்தேர்வால் அறிய முடியாது; வாசிக்கும் வேகத்தைத்தான் அறியலாம். குறை முன்பே கண்டறியப்பட்டுச் சான்றிதழ் கையில் இருந்தாலன்றிக் கூடுதல் நேரம் கேட்க இடமில்லை. ஐம்பத்தைந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வந்திராது.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவரால் என்ன செய்யமுடியும் என்று கேட்பது நியாயமான கேள்வி. பணச்செலவு இல்லாத சில காரியங்கள் இருக்கின்றன. கரும்பலகையில் உள்ளதை முழுவதும் நகலெடுக்கச் சொல்லாமல், எழுதி வைத்த தாளையோ கைபேசியில் எடுத்த படத்தையோ அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். பருவத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாக்களில் இரண்டையாவது வாயால் சொல்லச் செய்து மதிப்பெண் போடலாம். ஒரே வகையைச் சேர்ந்த இருபது கணக்குகளில் கடைசியில் இருக்கும் கடினமான நான்கை மட்டும் போடச் சொல்லலாம். அந்த நான்கும் சரியாக இருந்தால் மற்றப் பதினாறும் தெரியும் என்பதே பொருள். அறிவியல் விடையில் கருத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் எழுத்துக்கு ஒரு மதிப்பெண்ணுமாகப் பிரித்துப் போட்டால், சிவப்பு மையால் நிறைந்த தாளிலும் தன் கருத்துச் சரியென்பதைப் பிள்ளை காணும். இன்றைக்குக் கைபேசியில் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடுகிறது; எழுத்தை அதுவே படித்தும் காட்டுகிறது. வீட்டுப்பாடத்துக்கு அதைப் பயன்படுத்துவதைக் குறுக்குவழி என்று தடுப்பவர்கள், மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளையிடம் அதைக் கழற்றிவிட்டுப் படி என்று சொல்லமாட்டார்கள் அல்லவா?

இவற்றோடு கூட, வாரத்தில் ஒருநாளாவது அந்தப் பிள்ளையின் திறமைக்குச் சமமான ஒருவரோடு அதைச் சேர்த்துவைக்கவேண்டும். அவர் மேல்வகுப்பு மாணவராகவோ, பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் பௌதிக ஆசிரியராகவோ, ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரராகவோ இருக்கலாம். தன் கேள்விக்குப் பதில் தெரிந்த மனிதர் ஒருவர் இவ்வுலகில் இருக்கிறார் என்று அறிந்துகொள்வது, தன்னை மக்கு என்று பத்துப் பேர் சொல்லக் கேட்டுவரும் குழந்தைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களே அறிவார்கள். இத்தகைய பிள்ளைகள் மற்றவரைவிட நுட்பமாகச் சிந்திப்பவர்களாதலால், தங்கள் தோல்வியையும் மற்றவரைவிட நுட்பமாகவே உணர்கிறார்கள். வயிற்றுவலி என்றும் தலைவலி என்றும் காலையில் பள்ளிக்குப் போகாமல் படுத்துக்கொள்ளும் பிள்ளையைப் பாசாங்கு செய்கிறது என்று அதட்டுவதற்கு முன், அன்றைக்கு உரக்க வாசிக்கும் வகுப்பு இருக்கிறதா என்று பெற்றோர் விசாரிக்கவேண்டும். குறை இன்னதென்று வெளிப்படையாகப் பெயர் சொல்லி விளக்கினால் பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பெயரில்லாத குறைக்கு அந்தப் பிள்ளை ஏற்கெனவே ‘முட்டாள்தனம்’ என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கும். உண்மைப் பெயர் அதைவிட எவ்வளவோ மேலானது.

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வழங்கும் முறையில், அறிவாற்றல் சோதனையும் ஓர் அங்கமாக இருக்கிறது. ஆகவே, சான்றிதழுக்காகப் பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரின் கைக்கு வரும் அறிக்கையிலேயே, குறையைக் காட்டும் எண்களோடு திறமையைக் காட்டும் எண்களும் பதிவாகியிருக்க இடமுண்டு. அங்குள்ள உளவியலாளரிடம், ‘மொத்த எண் இருக்கட்டும் ஐயா, எந்தப் பகுதியில் எங்கள் பிள்ளை மிக உயர்ந்து நிற்கிறது, எந்தப் பகுதியில் மிகத் தாழ்ந்து நிற்கிறது, இரண்டையும் பிரித்து எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கவேண்டும். வழக்கமாக அந்த அறிக்கையின் நகல் தலைமையாசிரியரிடமும், வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரிடமும் போய்ச் சேரும். இன்னொரு நகல் எடுத்து, பிள்ளை எந்தப் பாடத்தில் உயர்ந்து நிற்கிறதோ அந்தப் பாடத்தின் ஆசிரியரிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த உயர்ந்த எண்ணை விரல் வைத்துக் காட்டி, இவளுக்கு இந்த வருஷம் நீங்கள் என்ன கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கவேண்டும்.